காசிமேட்டுப் படகில் ஓர் அடுப்பு

1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து ஆர்க்காட்டை நோக்கிப் புறப்பட்ட தென்னகத்தின் முதல் பயணிகள் இரயில், இன்று அம்பத்தூர், ஆவடி மக்கள் நாள்தோறும் செல்லும் தடத்தின் வழியேதான் ஓடிற்று. 1964-இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை எழுந்தபின் பிழைப்பைத் தேடி இங்கு வந்தோருள் கடற்கரைக் குடும்பங்களும் உண்டு. லேத்துப் பட்டறையில் கை தேர்ந்துவிட்டாலும், புயல் அறிவிப்பு வந்தால் அவ்வீடுகளில் எவரும் உறங்குவதில்லை.

அத்தகைய ஒரு வீட்டுத் தாய், காசிமேட்டில் விசைப்படகு வைத்திருக்கும் தம்பிக்கு அடுப்பொன்று வாங்கித்தர விரும்பினார். "எது ஆபத்தில்லாதது, ஃபாதர்?" என்று கேட்டார். அடுப்பைப் பற்றி நம்மிடம் கேட்பானேன் என்று சிரித்தாலும், பங்கின் மூன்று குடும்பங்களோடு நாமும் கடற்கரை இரயிலில் ஏறினோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாள்களும் படகுகள் கரையில் பழுது பார்க்கப்படும். உள்ளே சென்று காண அதுவே தக்க பருவம்.

நம் முன்னோர் இராயப்பர் என்றழைத்த புனித பேதுருவின் பெயரால் விளங்குவது இராயபுரம். அங்குள்ள அவரது ஆலயத்தை எழுப்பியவர்கள் படகுத் தொழிலாளரே. சற்று நேரம் அங்கே மன்றாடிவிட்டுத் துறைமுகம் சேர்ந்தோம்.

சுக்கான் அறையை ஒட்டி, இருவர் நின்றால் மூவருக்கு இடமில்லாத ஒரு மூலை, அதுதான் சமையலறை. அடுப்பின் காலடியிலேயே எரிவாயு உருளை நின்றது. "கட்டுமரக் காலத்தில் தூக்குச் சட்டியில் கஞ்சியும் கருவாடும் கொண்டு போவோம், சாமி. கடலில் நெருப்பு ஏது? பல நாள் தங்கத் தொடங்கிய பிறகுதான் அடுப்பும் ஏறியது" என்றார் முதியவர் ஒருவர். உயிர்த்த ஆண்டவரும் திபேரியாக் கடலில் கரிநெருப்பு மூட்டியது கரையில்தான், படகில் அன்று!

சமையல் எரிவாயு காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. வீட்டில் கசிந்தால் கதவைத் திறந்து வெளியேற்றலாம். படகிலோ அது நீர்போல் வழிந்து அடிக்கிடங்கில் தேங்கும். மேலே நிற்பவர் மூக்குக்கு நாற்றமும் எட்டாது. என்ஜினின் ஒரு பொறி போதும். மண்ணெண்ணெய் சிந்தினால் கண்ணுக்குத் தெரியும், எளிதில் வெடிக்காது. 1892-இல் சுவீடன் நாட்டு லிண்ட்க்விஸ்ட் உருவாக்கிய பம்பு அடுப்பைக் கடலோடிகள் நெடுங்காலம் நம்பியதற்கு இதுவே காரணம். ஆயினும் அலையில் ஆடும்போது பொங்கித் தீப்பிடிப்பதும், சூடாயிருக்கையிலேயே எண்ணெய் ஊற்றுவதும் அதன் ஆபத்துகள். இப்போது மண்ணெண்ணெய் கிடைப்பதும் அரிதாகிவிட்டது. விறகைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஃபைபர் உடல் தீயைத் தாங்காது.

தொழிற்பேட்டையில் ஃபிட்டராகப் பணிபுரியும் அத்தாயின் கணவர் மூலையை அளந்தார். நமக்கும் அவர் சொன்னதே சரியெனப்பட்டது: எரிவாயு அடுப்பே இருக்கட்டும், ஆனால் உருளை உள்ளே இருத்தலாகாது. மேல்தளத்தில், கசிந்தால் வாயு கடலுக்கே வழியும்படி அடியில் துளையிட்ட பெட்டியில், சங்கிலியால் பிணைத்து வைக்கவேண்டும். சமைத்து முடித்ததும் உருளையின் வாயிலேயே மூடவேண்டும். ரப்பர்க் குழாயை வீட்டில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றுகிறோம்; உப்புக் காற்றில் அவ்வளவு காத்திருக்கக்கூடாது. அடுப்பைத் தளத்தோடு முடுக்கி, பாத்திரம் சரியாதபடி சுற்றிலும் கம்பி கட்டவேண்டும். அருகில் மணல் வாளியும் நனைத்த சாக்கும் இருக்கவேண்டும். எண்ணெய்த் தீயில் தண்ணீர் ஊற்றலாகாது.

தம்பிக்கு மனமில்லை. மேலே வைத்தால் வலைக்கு இடம் குறையும், உருளையும் துருப்பிடிக்கும் என்றார். பொய்யில்லை, ஓரடி இடமும் அவருக்குப் பணம். "துருப்பிடித்தால் உருளையை மாற்றலாம். எட்டுப் பேரை யார் மாற்றித் தருவது?" என்றார் அக்கா. அவர் மறுமொழி கூறவில்லை.

தடைக்காலம் முடியுமுன் எஃகுத் தட்டும் பெட்டியும் பட்டறையில் தயாராயின. எடையைக் கண்டு தம்பி முகம் சுளித்தார். முதியவரோ கம்பியை அசைத்துப் பார்த்து, "சோற்றுப் பானைக்கு இன்னும் இரண்டு விரல் உயரம் வேண்டும்" என்றார். அதையும் கூட்டியாயிற்று.