ஓலை சுமந்தவன்

நவரை நெல்லுக்குத் தண்ணி பாய்ச்ச ராத்திரி மும்முனை கரண்ட்டுக்குக் காத்துக் கிடப்பது எங்க செங்கல்பட்டு பக்கம் வழக்கம். அப்படி மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்துதான் கல்கியின் 'சிவகாமியின் சபதம்' மறுபடி படிச்சேன். பள்ளிக்கூட வயசில் காதல் கதையாகப் படிச்சது. இப்போ பார்த்தா அசல் ஒற்றர் நாவல்!

நகரத்து நண்பர்கள் ஜான் லெ காரே பத்திப் பேசுவீங்க. உளவுத்துறையில் இருந்தவர், 1963ல் பேர் வாங்கினார். கல்கியின் தொடர் 1944லேயே வர ஆரம்பிச்சுது. துறவி வேஷத்தில் போய் உளவு பார்க்கணும்னு ஒற்றாடல் அதிகாரத்தில் வள்ளுவர் சொல்றார் இல்லையா, அதுக்கு உருவம் கொடுத்த மாதிரி நாகநந்தி பிக்ஷு.

ஒற்றர் கதை பஸ்ஸில் படிச்சுத் தூக்கிப் போடுற சரக்குன்னு சொல்றவங்க பரஞ்சோதி பயணத்தை மட்டுமாவது படிக்கணும். படிக்க வந்த கிராமத்துப் பையன். அஜந்தா வண்ண ரகசியம் கேட்டு எழுதின ஓலைன்னு நம்பிச் சுமந்துக்கிட்டுப் போறான். உள்ளே இருப்பது புலிகேசிக்குச் சேதி. அவன் தூங்கும்போது வஜ்ரபாகு வேஷத்தில் வந்த மகேந்திர பல்லவர் ஓலையை மாத்திடறார். ரெண்டு பக்கமும் பையனைப் பயன்படுத்திக்குது. அவனுக்கு ஒண்ணும் தெரியாது. வாள் சண்டையை விட அந்த இடம்தான் எனக்குப் பெரிசா பட்டுது.

காரணம் இருக்கு. மூணு வருஷம் முன்னாடி ஒருத்தர் வந்தார். கதர்ச் சட்டை, தோளில் துணிப்பை. இயற்கை விவசாயம் கத்துக்கணும்னார். மோர் கொடுத்து, வரப்பு வரப்பாகக் கூட்டிப் போனேன். எது யார் நிலம், யாருக்குக் கடன், யார் வீட்டில் அண்ணன் தம்பி பேச்சு வார்த்தை இல்லை, எல்லாம் கேட்டார். நானும் சொன்னேன். மாமல்லபுரம் ரோடு பக்கம் மனை விலை ஏறிக் கிடந்த நேரம்னு புத்தியில் உறைக்கல. ஆறு மாசத்தில் பக்கத்து நிலத்து அண்ணனோட தம்பி பங்கு கைமாறிச்சு. வண்டிப்பாதையில் கம்பி வேலி. அண்ணன் அறுப்பு நெல்லைத் தலைச்சுமையா கொண்டு வந்தார். அன்னையிலிருந்து என்கிட்டே பேசறதில்லை.

என் ஓலையை மாத்த எந்த வஜ்ரபாகுவும் வரல.

போன வாரம் அண்ணன் பொண்ணு வந்து முதல் பாகத்தை வாங்கிட்டுப் போச்சு. அவரு அனுப்பினாரான்னு நான் கேக்கல.