கட்டை விரலுக்கு ஒரு ஸ்விட்ச்

பி.காம். படித்தவன் வீட்டில் சால்டரிங் அயர்ன் இருந்தால் ஜனங்களுக்கு ஒரு தைரியம் வந்துவிடுகிறது. இன்கம்டாக்ஸ் சந்தேகம் கேட்க வருகிறவர்கள்கூட மேஜையில் அதைப் பார்த்ததும், "வீட்ல மிக்ஸி ஒண்ணு இருக்கு..." என்று இழுப்பார்கள். இரண்டு சேவையிலும் எனக்கு வரவு பூஜ்யம். செலவு, ஆளுக்கு ஒரு டம்ளர் காபி.

அப்படி வந்து சேர்ந்ததுதான் எங்கள் அக்கவுண்டன்ஸி ஸாரின் லேசர் பாயின்ட்டர். ரிடையரான அன்று மாணவர்கள் கொடுத்த பேனா சைஸ் வஸ்து. ஸார் இன்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் சி.ஏ. பரீட்சைக்குப் படிக்கும் பையன்களுக்குத் தன் வீட்டு ஹாலில் இலவசமாகப் பாடம் எடுக்கிறார். எழுந்து போய்ச் சுவரில் உள்ள சார்ட்டைக் காட்ட முழங்கால் ஒத்துழைப்பதில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து சிவப்புப் புள்ளிதான் காட்டும்.

"அமுக்கி அமுக்கிக் கட்டை விரல் வீங்கிப் போச்சுப்பா. புதுசு வாங்கிக்கலாம்கறான் என் பையன். தேய்மானம் கழிச்சா இதோட புஸ்தக மதிப்பு பூஜ்யம்தான். அதுக்காகத் தூக்கிப் போட்டுடறதா?"

பேட்டரியைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். உள்ளே மூன்று பட்டன் செல்கள். தலைக்கு 1.5 வோல்ட், மொத்தம் 4.5. மீட்டரில் சரியாகவே காட்டியது. பொத்தானின் மூடியை நெம்பி எடுத்துவிட்டு, முன்பக்கப் பித்தளைத் தலையைத் துணி சுற்றி மெல்ல இழுத்தால், வாலில் சின்ன சர்க்யூட் போர்டோடு வெளியே வரும். (மூடியை எடுக்காமல் இழுத்தால் போர்டு மாட்டிக்கொண்டு உடையும்.) புள்ளி சுவரைப் பார்க்கும்படி வைத்து, ஸ்விட்ச்சின் இரண்டு பக்கத்தையும் ட்வீசரால் இணைத்தேன். பளிச்! லேசர் டயோடு, லென்ஸ் எல்லாம் ராஜா மாதிரி இருக்கின்றன. உழைத்து ஓய்ந்தது ஸ்விட்ச் மட்டும்தான். எந்த ஆபீஸிலும் இதே கதைதானே!

இந்த ஸ்விட்ச்சுக்குள் இருப்பது குவிந்த ஒரு மெல்லிய தகடு. அமுக்கினால் 'டிக்' என்று உள்வாங்கி இரண்டு பக்கத்தையும் இணைக்கும், விட்டால் நிமிர்ந்துகொள்ளும். அழுக்கும் தேய்மானமும் சேர்ந்தால் பலமாக அமுக்கினால்தான் வேலை செய்யும்.

சனிக்கிழமை ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். விஷயத்தைக் கேட்ட கடைக்காரர், "பெரியவருக்கா சார்? ஆன்-ஆஃப் ஸ்விட்ச்சே போட்டுடுங்க. ஒரு தட்டு தட்டினா எரியும், இன்னொரு தட்டுல அணையும். விரலுக்கு வேலையே இல்ல" என்றார்.

ஆசையாகத்தான் இருந்தது. ஸாரின் விரல் வீக்கத்துக்கு உடனடி நிவாரணம். ஆனால் அமுக்கும்போது மட்டும் எரிகிற மாதிரி அதை வைத்திருப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. கை நழுவினால் வெளிச்சம் தானாகச் செத்துவிடும். ஸார் பேச்சு சுவாரஸ்யத்தில் கையை வீசுகிறவர். எதிரே தரையில் பத்துப் பன்னிரண்டு பையன்கள். 1 மில்லிவாட்டுக்கு உட்பட்ட லேசர் என்றால் கண் கால் விநாடிக்குள் தானே மூடித் தப்பித்துக்கொள்ளும் என்பது கணக்கு. ஸ்டிக்கரில் எழுதியிருப்பது நிஜம் என்றால்தான் அந்தக் கணக்கு. அமெரிக்காவின் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட், 122 பாயின்ட்டர்களைப் பரிசோதித்து 2013-ல் முடிவை வெளியிட்டது. சிவப்பு ரகத்திலேயே சுமார் 44 சதவீதம் அந்நாட்டு விதிக்கு உட்படவில்லை. பச்சை ரகம் 90 சதவீதத்தைத் தொட்டது. ஸாருடைய பாயின்ட்டரில் ஸ்டிக்கர் எழுத்தே அழிந்து போயிருக்கிறது.

"வேணாங்க. அமுக்கறதே இருக்கட்டும். இருக்கறதுலயே மெத்துனு இருக்கறதா குடுங்க."

விநோதமாகப் பார்த்தார். ஆனால் இதிலும் 160 கிராம் அழுத்தத்துக்கு மசிவது, 260 கிராம் கேட்பது என்று ரகங்கள் உண்டு. டப்பா டப்பாவாகத் திறந்து வைத்தார். நான் வெண்டைக்காய் வாங்குகிற மாமி மாதிரி ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துப் பொறுக்கினேன். உயரமும் பழையதற்குச் சமமாக இருக்க வேண்டும். தண்டு அரை மில்லிமீட்டர் கூடினால் மூடியே அதை அழுத்திக்கொண்டு நிற்கும், புள்ளி அணையாது. ஐந்து ஸ்விட்ச் வாங்கினேன். பார்க்கிங் டோக்கன் அதைவிட ஜாஸ்தி.

மற்றது அரை மணி வேலை. நான்கு கால்கள், இரண்டிரண்டாக உள்ளுக்குள்ளேயே ஜோடி. எது எதோடு என்று மீட்டரில் 'பீப்' கேட்டுக்கொண்டேன். லேசர் டயோடுக்குச் சூடும் ஆகாது, உடம்பிலிருந்து பாயும் ஸ்டாட்டிக் மின்சாரமும் ஆகாது என்பதால், அயர்னை ஒவ்வொரு காலிலும் இரண்டு மூன்று விநாடிக்கு மேல் வைக்கவில்லை.

ஞாயிறு காலை வகுப்புக்கு முன்னால் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஸார் அமுக்கினார். சார்ட்டில் 'சரக்கிருப்பு' என்ற எழுத்துக்கு மேல் புள்ளி விழுந்தது. பளிச்சென்று, ஆனால் கொஞ்சம் ஆடியபடி.

"விரலுக்குச் சுகமா இருக்குப்பா. ஆனா ஏன் இப்படி ஆடறது?"

"அது ஸ்விட்ச் இல்ல ஸார்..."

தன் கையை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "ஓ! அதுக்கு ரிச்சி ஸ்ட்ரீட்ல பார்ட்ஸ் கிடைக்காதோ?" என்று சிரித்துவிட்டு, இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "சரி, நோட்டை எடுங்கடா" என்றார்.