‘சம்’ என்னும் சொல்லும் நம் ‘தொகை’யும்

“சம் போட்டாயா?” என்று ஒருவரையொருவர் கேட்காமல் எங்கள் கணக்குப் பாடவேளை கழிவதில்லை. நாள்தோறும் நாம் சொல்லும் இந்த ஆங்கிலச் சொல் எங்கே பிறந்தது என்று தோழியர் நாங்கள் தேடிப் பார்த்தோம்.

‘சம்’ என்பதன் தாய் ‘சும்மா’ என்னும் லத்தீன் சொல். சிரிக்காதீர்கள்! நம் ‘சும்மா’ வேலையின்றி இருப்பது. லத்தீன் ‘சும்மா’வோ எல்லாவற்றிலும் உயர்ந்தது. உரோமர்கள் எண்களைக் கீழிருந்து மேலாகக் கூட்டி, விடையை உச்சியில் எழுதினார்கள். உச்சியில் நின்றதால் மொத்தத்துக்கு அந்தப் பெயர் வந்தது. சிகரத்தைக் குறிக்கும் ‘சம்மிட்’ என்ற சொல்லும் இதன் உடன்பிறப்பே. பின்னாளில், ஒரு துறையின் செய்திகளையெல்லாம் திரட்டித் தரும் நூலுக்கும் ‘சும்மா’ என்றே பெயரிட்டார்கள். 13ஆம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ் எழுதிய இறையியல் பெருநூலின் பெயரிலும் இச்சொல் உண்டு.

தமிழிலோ ‘தொகை’ என்கிறோம். பணத்துக்கும் தொகை, பாட்டுக்கும் தொகை! எட்டுத்தொகை, குறுந்தொகை, கலித்தொகை என்று நாம் படிக்கவில்லையா? கணக்குக்கும் நூலுக்கும் ஒரே சொல்லை வைத்ததில் இரு மொழியாரும் ஒத்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் சொல் உயரத்தைப் பார்த்தது. நம் சொல் ஒன்றுசேர்வதைப் பார்த்தது.

இதற்குச் சான்று தேடி நாம் வெளியூர் போக வேண்டியதில்லை. பர்மா, இலங்கை, மலேயா நாடுகளில் கொண்டுவிற்ற நம் செட்டிநாட்டு நகரத்தார், பேரேட்டுக் கணக்குகளை முடித்துக் காட்டும் ஏட்டுக்கு ‘ஐந்தொகை’ என்று பெயர் வைத்தார்கள். பேரேட்டில் ஒரு வரி விட்டுப்போனாலும் ஐந்தொகை நேராகாது. அவர்களுடைய ஒன்பது நகரக் கோயில்களிலும் திருமணமான குடும்பம் ஒன்றை ஒரு ‘புள்ளி’ என்று எண்ணுவது மரபு. ஊரிலே சிலரைப் ‘பெரிய புள்ளி’ என்போம். ஆனால் புள்ளி வரியில் எல்லாரும் ஒரே அளவுப் புள்ளிதான்!

பத்தாம் வகுப்பில் இருக்கும் எங்களுக்கு இந்த ஆராய்ச்சி வெறும் சொல்லாராய்ச்சியாகத் தோன்றவில்லை. தேர்வு முடிவு வந்ததும், “500க்கு எவ்வளவு?” என்றுதான் உறவினர் எல்லாரும் கேட்பார்கள். விடியுமுன் எழுந்து தண்ணீர் பிடித்து வைத்து, தம்பி தங்கையரைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் படித்தவளும் 380 வாங்கலாம். இரண்டு இடங்களில் ட்யூஷன் வைத்துப் படித்தவளும் 380 வாங்கலாம். உச்சியில் நிற்கும் எண் ஒன்றே. அதன் கீழே தொகுந்து கிடப்பவை ஒன்றல்லவே! எண் குறைந்ததென்று ஒரு பெண்ணின் படிப்பை அதோடு நிறுத்திவிடும் வீடுகளும் இருக்கின்றன. அங்கே உச்சியை மட்டுமே பார்க்கிறார்கள்.

அன்புள்ள பெற்றோரே, எங்கள் மொத்தத்தைக் கட்டாயம் கேளுங்கள். கேட்டபின், அந்தத் தொகைக்குள் என்னென்ன சேர்ந்திருக்கின்றன என்பதையும் ஒருமுறை எங்களிடம் கேளுங்கள். வரிவரியாகச் சொல்ல நாங்கள் காத்திருக்கிறோம்.