தமக்கையார் கண்ட சிவப்பு

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நாள் மாலை, சென்னையில் ஓர் ஓவியக் கண்காட்சிக்குச் சென்றிருந்தேன். என் தமக்கையாரும் உடன் வந்தார். கண்புரை நீக்கிய பின் மருத்துவரைக் காண்பதற்காகக் காஞ்சிபுரத்திலிருந்து அவர் வந்திருந்த சமயம் அது. அவரை அழைத்துச் செல்ல எனக்கு மனம் இல்லை. அவர் எழுத்தறியாதவர், பத்து வயதிலேயே பட்டுக்குச் சாயம் தோய்க்கப் போனவர். அந்தக் கூலியில்தான் நான் பள்ளிக்குச் சென்றேன். அத்தகையவரைக் கற்றோர் கூடும் இடத்திற்கு அழைத்துச் செல்லக் கூசினேன் என்பதை எழுதும்போது இன்று நாணமாக இருக்கிறது.

அச்சுதன் கூடல்லூர் புதிதாகத் தீட்டிய ஓவியங்கள் அங்கே இருந்தன. அவர் 1945ஆம் ஆண்டு கேரளத்தில், பாரதப்புழையின் கரையிலுள்ள கூடல்லூரில் பிறந்தவர். பொறியியல் கற்றுச் சென்னைக்கு வந்து, பொதுப்பணித் துறையில் வேலை பார்த்தார். பகலெல்லாம் அலுவலகம், மாலையில் ஓவியக் கல்லூரியில் கூடிய ஓவியர் குழுவில் பயிற்சி. தொடக்கத்தில் மனித உருவங்களையே வரைந்தார். நாளடைவில் உருவங்கள் மறைந்தன, நிறமே படமாயிற்று. இவ்வகையை அரூப ஓவியம் என்பர். 1988இல் லலித் கலா அகாதெமியின் தேசிய விருதைப் பெற்ற அவர், 2022இல் சென்னையில் மறைந்தார்.

சுவரில் மலை இல்லை, மரம் இல்லை, மனிதரும் இல்லை. ‘இஃது அந்தி வானமோ? காட்டுத் தீயோ?’ என்று ஒவ்வொரு படத்தின் முன்னும் நின்று துருவினேன். ஒன்றும் பிடிபடவில்லை. ஆயினும், எல்லாம் விளங்கியவன்போல் தலையை அசைத்துக்கொண்டே நகர்ந்தேன். படித்தவர்க்கு அந்தத் தொல்லை உண்டு.

தமக்கையாரோ ஒரு பெரிய சிவப்புப் படத்தின் முன் நின்றுவிட்டார். புரை நீக்காத கண்ணைக் கையால் மூடிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

“தம்பி, இந்தச் சிவப்புக்கு அடியில் மஞ்சள் இருக்கிறது. வெறுஞ் சிவப்பாக இருந்தால் இவ்வளவு சூடு வராது. நாங்களும் மஞ்சளில் தோய்த்து உலர்த்திய பிறகு சிவப்பில் தோய்ப்பதுண்டு. அதோ, ஓரத்தைப் பார்.”

குனிந்து பார்த்தேன். ஓரத்தில் நூலிழைபோல மஞ்சள் தெரிந்தது.

“அது சரி, அக்கா. இஃது என்ன படம்?” என்றேன்.

“மயில்கழுத்துப் புடவையைக் கையில் எடுத்தால், இது என்ன படம் என்றா கேட்பாய்?” என்றார் அவர்.

எனக்கு மறுமொழி தோன்றவில்லை. பாவு நீலமும் ஊடை பச்சையுமாக நெய்த பட்டை மடக்கினால் ஒரு நிறம் எழும். விரித்தால் வேறொன்று எழும். சிறு வயதில் திண்ணையில் அமர்ந்து அதை நான் மணிக்கணக்கில் விரித்தும் மடக்கியும் மகிழ்ந்ததுண்டு. அப்போது பொருள் கேட்கவில்லை.

மீண்டும் முதற்படத்திலிருந்து தொடங்கினேன். இம்முறை எதையும் தேடவில்லை. நீலத்தை ஒட்டிய இடத்தில் சிவப்பு முன்னே வந்தது. கருமையை ஒட்டிய இடத்தில் அதுவே உள்ளே அடங்கியது. எல்லாப் படங்களும் என்னைக் கவர்ந்தன என்று சொல்லமாட்டேன். சாம்பல் நிறப் படம் ஒன்று கடைசிவரை என்னோடு பேசவே இல்லை. தமக்கையாரும் அதனைப் பாராமலே கடந்தார்.

புறப்படும்போது, அச்சிவப்புப் படத்தின் அருகே சுவரில் ஒட்டியிருந்த சிறு சிவப்பு வட்டத்தைச் சுட்டி, “இஃது எதற்கு?” என்று கேட்டார்.

“படம் விற்றுவிட்டது என்பதற்கு அடையாளம், அக்கா.”

“அப்படியானால் இனி ஒருவர் வீட்டில் இருக்குமா?” என்றவர், வாயில்வரை வந்துவிட்டு, மறுபடியும் அப்படத்தை நோக்கி நடந்தார்.