கிளட்ச் மிதித்த கால்

என் தாய்மாமா நாமக்கல் லாரியில் முப்பது வருஷம் இந்தியாவை அளந்தவர். இடது கால் மட்டும் பூசணிக்காயாக வீங்கியபோது, "கிளட்ச் மிதிச்ச காலு மாப்ளே, கோவிச்சுக்கிச்சு!" என்றார். நானும் ஆபீசுக்கு லீவு போட்டு, நல்லெண்ணெய் தடவி நாலு நாள் நீவி விட்டேன். அத்தை காபியில் சர்க்கரை கூடப் போட்டார்.

சேலத்தில் காலை ஸ்கேன் பார்த்த டாக்டர் கேட்டார்: "யாருங்க தேய்ச்சு விட்டது?"

பெருமையாகக் கையைத் தூக்கினேன்.

"உள்ளே ரத்தம் உறைஞ்சு நிக்குது. அது பிச்சுக்கிட்டு நுரையீரலுக்குப் போயிருந்தா ஆளே போயிருப்பார்."

தூக்கிய கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"எடை குறைஞ்சுதா?" என்றார் அடுத்து. மாமா முழித்தார். வேட்டி இடுப்பில் நிற்பதே இல்லை என்று அத்தைதான் சொன்னார். வயிற்றையும் ஸ்கேன் எடுத்தார்கள். கணையத்தில் கட்டி. கேன்சர்.

வயிற்றுக் கட்டிக்கும் காலுக்கும் என்ன சார் சம்பந்தம்? இருக்கிறதாம். ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் வளர, கட்டிக்குச் சொந்த ரத்தக்குழாய் வேண்டும். (1971-ல் அமெரிக்க டாக்டர் ஜூடா ஃபோக்மன் சொன்னது.) அதுவே ஆள் வைத்துப் போட்டுக்கொள்ளும். அவசரத்தில் போட்ட ரோடு! கோணல்மாணல், வழியெல்லாம் ஒழுகல். ரத்தம் ஊர்ந்து போகும், சில இடங்களில் ரிவர்ஸும் எடுக்கும்.

"கொல்லிமலை எழுவது வளைவு மாதிரிங்களா?" என்றார் மாமா.

"அதுல பாதி வளைவு எங்கேயும் போய்ச் சேராதுன்னு வெச்சுக்குங்க."

இன்னொரு வம்பு. காயம் பட்டால் ரத்தத்தை உறைய வைக்கிற பொருளை, கேன்சர் செல்கள் காயமே இல்லாமல் வெளியே விடுகின்றன. அது ரத்தத்தோடு ஊர் சுற்றி, ஓட்டம் மந்தமான காலில் வேலையைக் காட்டுகிறது. ஹெரால்ட் டிவோராக் என்ற ஆராய்ச்சியாளர் 1986-ல் கேன்சர் கட்டியை 'ஆறாத காயம்' என்றே எழுதினார்.

இந்த உறவை 1865-லேயே சொன்னவர் பாரிஸ் டாக்டர் ஆர்மான் ட்ரூசோ. 1867-ல் அவருக்கே ரத்தம் உறைந்தது. தனக்கும் கேன்சர்தான் என்று அதை வைத்தே தெரிந்துகொண்டார். அதே வருஷம் போய்விட்டார். மாமாவிடம் இதை நான் சொல்லவில்லை.

நான் குனிந்து என் காலையே பார்ப்பதை டாக்டர் கவனித்துவிட்டார். "ரத்தம் உறையறவங்கள்ல பெரும்பாலானவங்களுக்குக் கேன்சர் இருக்காதுங்க. ஆனா ஒத்தைக் கால் திடீர்னு வீங்கினா எண்ணெயைத் தேடாதீங்க."

இப்போது கீமோ நடக்கிறது. ரத்தம் உறையாமலிருக்கத் தினமும் வயிற்றில் ஒரு ஊசி. போடுவது நான்தான்.

"குத்து மாப்ளே, பரவால்ல" என்கிறார் மாமா. "நீவி மட்டும் விட்றாதே!"