தொப்பி இருந்த இடம்

1996இல் ஃப்ளோரிடாவிலுள்ள டிஸ்னி வேர்ல்டின் வெள்ளிவிழாவுக்காகச் சிண்ட்ரெல்லா கோட்டைக்கு இளஞ்சிவப்பு பூசிப் பிறந்தநாள் கேக்காக மாற்றினார்கள். ரசிகர்கள் பலர் இன்றும் அதை மன்னித்தபாடில்லை. அதுவாவது 1998 தொடக்கத்தில் கலைந்தது.

2001இல் பக்கத்துப் பூங்காவுக்கு வந்த தொப்பி அப்படியல்ல. ஹாலிவுட்டின் சீனத் திரையரங்கைப் பிரதியெடுத்துக் கட்டி, முகப்புத் தெருவின் முடிவில் கண்ணில் படும்படி நிறுத்தியிருந்தார்கள். வால்ட் டிஸ்னியின் நூற்றாண்டையொட்டி வைக்கப்பட்ட மந்திரவாதி மிக்கியின் 122 அடி நீலத் தொப்பி அக்காட்சியை அடியோடு மறைத்தது. விழா முடிந்தும் நகரவில்லை. முணுமுணுத்தவர்களில் நாங்களும் உண்டு.

2015இல் அதைப் பிரித்தெடுத்தபோது நாங்கள் மகிழ்ந்தோம், மகள் பேசவில்லை. அவள் பிறந்ததே தொப்பி வந்த பிறகுதான். அவளுக்குப் பின்னாலிருந்த திரையரங்குதான் புதிது.

டிஸ்னிலேண்ட் ஒருநாளும் முற்றுப்பெறாது என்று வால்ட் டிஸ்னி சொன்னது ரசிகர்களுக்கு மனப்பாடம். அதனால் வருத்தமொன்றும் குறைவதில்லை.

2025 ஜூலையில், ‘கார்ஸ்’ திரைப்பட உலகத்துக்கு இடம்விட்டு, மேஜிக் கிங்டத்தில் 1971 முதல் படகு ஓடிய ஆறு மூடப்பட்டது. நாங்கள் புலம்பினோம். அந்தப் படத்தோடு வளர்ந்த மகள், “அந்தப் படகில் நாம் எத்தனை முறை ஏறியிருக்கிறோம்?” என்று கேட்டாள்.

இரண்டு முறைதான். ஆனால் ஒவ்வொரு பயணத்திலும், வரிசைகளில் நின்று கால் ஓய்ந்த பிற்பகலில், கரையில் அமர்ந்து அது கடந்துபோவதைப் பார்த்திருக்கிறோம். அதற்கு வரிசையே கிடையாது.