கண்ணாடி மாத்தியாச்சு... காரோட கண்ணு சரியா இருக்கா?

பாம்பன் பழைய ரயில் பாலத்தில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. கடல் காற்று மணிக்கு 55 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் சிவப்புக்கு மாறும், ரயில் நிற்கும். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடிக்குப் போன ரயிலைக் கடல் கொண்டுபோன பிறகு, காற்றை அளக்கும் கருவியின் பேச்சுக்கு அங்கே மறுபேச்சு கிடையாது.

2022 டிசம்பர் 23-ம் தேதியும் அப்படித்தான். கப்பலுக்கு வழிவிடத் திறக்கும் தூக்குப் பகுதியில் பொருத்தியிருந்த சென்சார்கள் எச்சரிக்கை கொடுத்தன. பயணிகள் ரயில் நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரல் 6-ல் புதிய பாலம் திறக்கும் வரை, ராமேஸ்வரம் வந்தவர்கள் மண்டபத்தில் இறங்கி ரோடு வழியாகத்தான் பாலத்தைக் கடந்தார்கள்.

கருவி சொன்னால் கேட்க வேண்டும் என்பது இந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும். ஆனால், அந்தக் கருவியையே கழற்றி மாட்டினால்? அது சரியாகத்தான் சொல்கிறதா என்று யார் பார்ப்பது? பாலத்துக்கு அதைப் பார்க்க ரயில்வே இருக்கிறது. நம் வீட்டு வாசலில் நிற்கும் காருக்கு?

ராமநாதபுரத்தில் வாடகைக் கார் ஓட்டும் ஒருவருக்கு இந்தக் கேள்வி தற்செயலாகத்தான் வந்தது. முன்னால் போன லாரியிலிருந்து தெறித்த ஜல்லி, அவர் காரின் முன்கண்ணாடியில் விரிசல் விட்டது. உள்ளூரிலேயே கண்ணாடி மாற்றினார். "புதுசு மாதிரி இருக்குண்ணே" என்று கடைப் பையன் சாவியைக் கொடுத்தான். டேஷ்போர்டில் எந்த விளக்கும் எரியவில்லை.

அடுத்த வாரம் மதுரை சவாரி. நாலு வழிச்சாலையில் ஸ்டீயரிங் அடிக்கடி லேசாக இடப்பக்கம் இழுத்தது. வீல் அலைன்மென்ட் பார்த்தார். இழுப்பு நிற்கவில்லை. கடைசியில் பழக்கமான மெக்கானிக் ஒருவர்தான் கேட்டார்: "தம்பி, கண்ணாடி மாத்தும்போது கேமராவைக் கழட்டினாங்கள்ல... திரும்ப மாட்டினதும் அளவு பார்த்தாங்களா?"

அடாஸ் வசதியுள்ள பல கார்களில், உள்ளே பார்க்கும் கண்ணாடிக்குப் பின்னால், முன்கண்ணாடியை ஒட்டி ஒரு கேமரா இருக்கும். ரோட்டுக் கோட்டையும், முன்னால் போகும் வண்டியையும், குறுக்கே வரும் ஆளையும் பார்ப்பது அதுதான். சில கார்களில் துணைக்கு பம்பர் அல்லது கிரில் பகுதியில் ரேடார் இருக்கும். ஓரம் விலகினால் ஸ்டீயரிங்கைத் திருப்புவதும், மோதப் போனால் பிரேக் போடுவதும் இவை கொடுக்கும் தகவலை வைத்துத்தான்.

அந்தக் கேமராவின் பார்வை 1 டிகிரி விலகினால், 100 மீட்டர் தூரத்தில் கணக்கு சுமார் 1.75 மீட்டர் தப்பும். நம் நெடுஞ்சாலையில் ஒரு லேனின் அகலம் 3.5 மீட்டர். அதாவது பாதி லேன்! பக்கத்து லேனில் போகும் பைக்கை எதிரில் இருப்பதாக நினைக்கலாம். எதிரில் நிற்பவரைக் கவனிக்காமலும் போகலாம்.

இதைச் சரிசெய்வதுதான் கேலிபரேஷன். சமதளமான தரையில் காரை நிறுத்தி, டயர் காற்றைச் சரிபார்த்து, கம்பெனி சொன்ன தூரத்தில் குறிப்பலகை வைத்து, கம்ப்யூட்டரை இணைத்துச் செய்வது ஒரு முறை. கோடு தெளிவாக உள்ள ரோட்டில் குறிப்பிட்ட வேகத்தில் ஓட்டிச் செய்வது இன்னொரு முறை. சில கார்களுக்கு இரண்டும் தேவை. ரோட்டில் ஓட்டிச் செய்ய, மணல் மூடிக் கோடே தெரியாத தனுஷ்கோடி ரோடு உதவாது.

கண்ணாடி மாற்றினால் மட்டும்தான் என்றில்லை. பம்பரைக் கழற்றி மாட்டினாலும், விபத்துக்குப் பிறகு பாடி வேலை பார்த்தாலும், சஸ்பென்ஷன் வேலையோ வீல் அலைன்மென்ட்டோ செய்தாலும் கேலிபரேஷன் தேவையா என்று கேட்க வேண்டும். எச்சரிக்கை விளக்கு எரியவில்லை என்பதால் எல்லாம் சரி என்று அர்த்தமில்லை. கேமரா வேலை செய்கிறதா என்பது காருக்குத் தெரியும். தான் கோணலாகப் பார்ப்பது எப்போதும் தெரியாது.

வேலைக்கு விடும்போதே எஸ்டிமேட்டில் கேலிபரேஷன் இருக்கிறதா என்று பாருங்கள். இன்ஷூரன்ஸ் க்ளைம் என்றால், அந்தச் செலவும் சேருமா என்று முன்பே கேளுங்கள். வண்டியை எடுக்கும்போது கேலிபரேஷன் முடிந்ததற்கான ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள். அது கிடைக்கும் வரை லேன் உதவியை அணைத்துவிட்டு, பழையபடி தன் கண்ணை நம்பி ஓட்டுவதே நல்லது. கடற்கரைப் பக்கம் போய் வந்தால், கேமரா முன்னுள்ள கண்ணாடியிலும் ரேடார் மூடியிலும் படிந்த உப்பையும் மணலையும் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.

அந்த டிரைவர் மதுரைக்குப் போய், ஒரு நாள் சவாரியை விட்டு, கேலிபரேஷன் செய்துகொண்டு வந்தார். இழுப்பு நின்றது. அவருக்காவது ஸ்டீயரிங் இழுத்துக் காட்டியது. விடியற்காலையில் மீன் கூடையோடு ரோட்டைக் கடக்கும் அம்மாவுக்கு, எதிரே வரும் காரின் கேமரா அளவு பார்க்கப்பட்டதா என்று தெரிய வழியே இல்லை.